பதில்: ரிப்பன் சென்சாரில் விரலை எடுத்ததும் ஃபில்டர் தாவுகிறது

ரிப்பன் சென்சாரை (விரல் படும் இடத்தை அளவாகத் தரும் பட்டை) ஆர்டுயினோ என்ற சிறு நிரல்பலகை வழியாக சிந்தசைசரின் ஃபில்டரோடு இணைத்திருக்கிறீர்கள்; விரலை எடுத்தவுடன் கட்-ஆஃப் (ஃபில்டர் ஒலியை வெட்டத் தொடங்கும் அதிர்வெண்) கண்டபடி தாவுகிறது, விரல் அசையாதபோதும் நடுங்குகிறது என்று கேட்டிருந்தீர்கள். நிரலைத் தொடுவதற்கு முன் வயரிங்கைப் பாருங்கள். சாஃப்ட்பாட்டை (அந்த ரிப்பன் பட்டையை) அழுத்தாதபோது, அளவை வெளியே தரும் வைப்பர் முனை எதனோடும் சேர்ந்திருக்காது. மின்னழுத்தத்தை 0 முதல் 1023 வரை அளவாகப் படிக்கும் ஆர்டுயினோவின் அனலாக் பின் வெறும் இரைச்சலைத்தான் படிக்கும். வைப்பருக்கும் கிரவுண்டுக்கும் இடையே 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். 10 கிலோ ஓம் பட்டையில் இதனால் நடுப்பகுதி அளவு 2-3 சதவீதம்தான் குறையும். ரெசிஸ்டரே 10 கிலோ ஓம் என்றால் நேர்கோடு நன்றாகவே வளைந்துவிடும், வேண்டாம்.

அடுத்து நிரல். அளவு 15-க்குக் கீழே போனால் தொடவில்லை என்று கொண்டு எதையும் அனுப்பாதீர்கள். இது மட்டும் போதாது: விரல் விலகும் கணத்தில் சில பொய் அளவுகள் வரும், உங்கள் காதில் விழும் தாவல் பெரும்பாலும் அதுதான். மில்லிநொடிக்கு ஒருமுறை படித்து, கடைசி 8 அளவுகளை வரிசையில் வைத்து, எப்போதும் பழையதையே அனுப்புங்கள். தொடுகை விட்டதும் வரிசையில் மிச்சமிருப்பதை அழித்துவிடுங்கள். 8 மில்லிநொடித் தாமதம் ஃபில்டரில் தெரியாது.

நடுக்கத்துக்கு, முன்பு அனுப்பியபோதிருந்த மூல அளவிலிருந்து 6-க்கு மேல் மாறினால் மட்டும் 8-ஆல் வகுத்து சிசி 74 (கட்-ஆஃபை மாற்றும் மிடி செய்தி, 0-127) அனுப்புங்கள். ரெசோனன்ஸ் (கட்-ஆஃப் அருகே ஒலியைத் தூக்கிக் காட்டும் அமைப்பு) அதிகமாக இருந்தால் 128 படிகளும் தனித்தனியாகக் காதில் விழும். அதற்கு சிந்தசைசரிலேயே ஸ்மூத்திங் (படிகளை வழுக்கலாக்கும் வசதி) இருக்கிறதா என்று பாருங்கள்.