லோட் ஷெடிங் நின்னாச்சே, அப்புறம் எதுக்கு புது லைன்?

கேள்வி: முறை வச்சு கரண்ட நிறுத்துற லோட் ஷெடிங் போச்சு, கூரைக்குக் கூரை சோலாரும் வந்தாச்சு. இப்ப போயி 14,000 கிலோமீட்டருக்கு புதுசா ஹைடென்ஷன் லைன் போடணும்ங்கிறாங்க, கடைசில நம்ம பில்லுலதானே கை வைப்பாங்க? எங்க தெருவுல கரண்ட் போறது மட்டும் நின்னபாடில்ல.
– ஒரு வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: நல்லா கேட்டீங்கம்மா. 2024 மார்ச் கடைசில லோட் ஷெடிங் நின்னது உண்மை, 2025ல அங்கங்க சில நாள் தலை காட்டுச்சு அவ்வளவுதான். ஆனா அது நின்னதுக்கு முக்கிய காரணம் பழைய நிலக்கரி பவர் ஸ்டேஷன்கள ரிப்பேர் பண்ணி ஒழுங்கா ஓட்டினது, அந்த ஸ்டேஷன் எல்லாம் வயசாகி ஒவ்வொண்ணா மூடப்போற கேஸ், கொமாட்டிய 2022லயே மூடியாச்சு.

நம்ம நாட்டு லைன் எல்லாம் அந்தக் காலத்துல ம்புமலாங்கா நிலக்கரிச் சுரங்கத்துலேர்ந்து ஜொஹன்னஸ்பர்க், டர்பன், கேப் டவுன்னு ஓடுற மாதிரி போட்டது. இப்ப புது கரண்ட் வர்ற இடமே வேற, நார்தர்ன் கேப் மாகாணத்துல அப்பிங்டன், டி ஆர் பக்கம் அடிக்கிற வெயில் உலகத்துலயே பெஸ்ட்னு சொல்ற அளவு, காத்து ஈஸ்டர்ன் கேப், வெஸ்டர்ன் கேப்புல. அப்பிங்டன்லேர்ந்து ஜொஹன்னஸ்பர்க் கிட்டத்தட்ட 800 கிலோமீட்டர், நடுவுல இருக்கிற லைன்ல இடமே இல்ல. 2022ல அரசாங்க டெண்டர்ல 3,200 மெகாவாட் காத்தாலை கேட்டாங்க, கம்பெனிகளும் வந்தாங்க, ஆனா கேப் பக்கம் கிரிட், அதாவது பெரிய லைன்களோட வலை, ஃபுல்லுன்னு ஒரு காத்தாலைக்குக்கூட ஆர்டர் போகல. எனக்கு இன்னிக்கும் வயிறு எரியுது, நாடே இருட்டுல கிடந்த நேரம் அது! கிணறு நிறைய தண்ணி, வாளிக்குக் கயிறு இல்லாத கதைதான்.

அதுவும் சும்மா கம்பிய இழுத்துவிட முடியாது. தூரம் கூடக்கூட கம்பி சூடாகி கரண்ட் வீணாகும், வோல்டேஜ ரெண்டு மடங்கு ஏத்தினா அதே பவருக்கு கம்பில ஓடுற கரண்ட் பாதியாகும், நஷ்டம் கால்வாசியாகும், அதனாலதான் 400,000, 765,000 வோல்ட்னு போறாங்க. பெரிய டவர் பக்கம் போனா மேல பாருங்க, ஒரு கம்பி தொங்காது, பல கம்பி கொத்தா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இடையில ஸ்பேசர் போட்டு ஓடும். சோலார் பண்ணைய ரெண்டு வருஷத்துல கட்டிடலாம், இந்த லைனுக்கு நிலம் வாங்கி, அனுமதி வாங்கி முடிக்க அதைவிட ரொம்ப வருஷம் ஆகும், அதனால இப்பவே ஆரம்பிக்கணும்.

கூரை சோலார் நல்லதுதான், வேண்டாம்னு சொல்லல. ஆனா ஜூலை மாசம் சாயங்காலம் ஆறரைக்கு எல்லா வீட்லயும் ஹீட்டர், அடுப்பு, கீசர்னு ஓடும்போது பேனல்ல ஒண்ணும் வராது, பேட்டரி வாங்க எல்லாராலயும் முடியாது. அந்த நேரத்துக்கு வேற ஊர்ல அடிக்கிற காத்து லைன் வழியாத்தான் நம்ம வீட்டுக்கு வரணும்.

பில்லுல ஒரு பங்கு நம்ம தலைலதான் விழும், அதை மறைக்கக் கூடாது. லைனுக்கு எவ்வளவு வாங்கறோம்னு தனியா காட்டுங்கன்னு நாம கேட்கலாம், கேட்கணும்.

உங்க தெரு விஷயம் தனிம்மா. அது பெரும்பாலும் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர், பழைய கேபிள், இல்ல கேபிள் திருட்டு, நார்தர்ன் கேப்புல எத்தனை டவர் நட்டாலும் அது சரியாகாது. ஒவ்வொரு தடவையும் போன நேரம், வந்த நேரம் எழுதி வச்சு, கம்ப்ளெயிண்ட் நம்பரோட அக்கம்பக்கத்து வீடுங்கள சேர்த்துக்கிட்டு உங்க வார்டு கவுன்சிலர்கிட்ட குடுங்க.