குரூப் 4: இன்னும் ஒரு முயற்சியா, இத்தோடு போதுமா?

ஐயா, வணக்கம். பி.இ. முடித்த மகன் நான்கு வருஷமாக டி.என்.பி.எஸ்.சி. (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறான், வயது 27 ஆகிறது, இன்னும் படிக்க விடலாமா, நிறுத்தச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

"நான்கு வருஷம்" என்பதைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். இவ்வளவு நாள் படித்தாயிற்றே என்று தொடரவும் வேண்டாம், இவ்வளவு நாள் போச்சே என்று பயந்து நிறுத்தவும் வேண்டாம். 2022 ஜூலை, 2024 ஜூன், 2025 ஜூலை என்று இந்தக் காலத்தில் குரூப் 4 நடந்ததே மூன்று முறைதான். அந்த மூன்றிலும் தம்பி எந்த இடத்தில் நின்றான் என்று பாருங்கள்.

மதிப்பெண்ணை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது. 2022 அறிவிப்பில் 7,301 இடங்கள் இருந்தன. 2025 அறிவிப்பில் 3,935 தான். இடம் குறைந்தால் கட்-ஆஃப், அதாவது வேலை கிடைக்கத் தேவையான மதிப்பெண், ஏறும், வினாத்தாள் கடினமானால் இறங்கும். அதனால் தேர்வு முடிவில் வரும் கம்யூனல் ரேங்கை, அதாவது அவனுடைய இடஒதுக்கீட்டுப் பிரிவுக்குள் அவன் பெற்ற இடத்தை, ஒரு தாளில் வரிசையாக எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் நன்றாக முன்னேறி, வேலை கிடைத்தவர்களின் ரேங்குக்குப் பக்கத்தில் வந்திருந்தால் இன்னொரு முறை எழுதட்டும், நானே சொல்கிறேன். மூன்று முறையும் ஏறக்குறைய அதே இடம் என்றால், அதே நோட்ஸ், அதே டெஸ்ட் பேட்ச் என்று இன்னொரு வருஷம் போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எங்கே மார்க் போகிறது என்றும் கேளுங்கள். 200 கேள்வி, ஒன்றுக்கு 1.5 மதிப்பெண். அதில் 25 கேள்வி கணக்கும் திறனறிவும், அதாவது 37.5 மதிப்பெண். தமிழையும் வரலாற்றையும் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு இந்த 25-ஐக் கைவிடுகிற பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். பி.இ. படித்தவன் அங்கே கோட்டை விட்டால் அது சரிசெய்யக்கூடிய குறை. தட்டச்சில் ஹையர் (முதுநிலை) தேர்வைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் முடித்திருக்கிறானா? இல்லையென்றால் சேர்த்துவிடுங்கள். தட்டச்சர் பதவிக்கும் போட்டியிடலாம்.

அடுத்தது வயது. எஸ்.எஸ்.எல்.சி.க்கு மேல் படித்த பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்குக் குரூப் 4-இல் பல பதவிகளுக்கு உச்ச வரம்பே கிடையாது. அந்தத் தாராளம்தான் ஆளை அப்படியே உட்கார வைத்துவிடுகிறது. மற்ற வாசல்கள் அப்படிக் காத்திருக்காது. அரசு வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐ.பி.பி.எஸ். கிளார்க் தேர்வுக்குப் பொதுப் பிரிவில் வயது வரம்பு 28, பி.ஓ. என்ற அதிகாரி பதவிக்கு 30. மத்திய ஓ.பி.சி. சான்றிதழ் இருந்தால் இரண்டிலும் மூன்று வருஷம் கூடும். கணக்கும் ரீசனிங்கும் அங்கேயும் வேண்டும், ஆக அந்தப் படிப்பு வீணாகாது. சான்றிதழை இந்த மாதமே வாங்கி வையுங்கள்.

முழுநேரப் படிப்பை நிறுத்துவதும் தேர்வையே விடுவதும் வேறு வேறு. வேலைக்குப் போய்க்கொண்டே காலையில் இரண்டு மணி நேரம் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கையில் சம்பளம் வந்தால், அடுத்த ரிசல்ட்டில்தான் வாழ்க்கையே இருக்கிறது என்ற பயம் குறையும். பல பிள்ளைகள் அப்போதுதான் நிதானமாக எழுதுகிறார்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்தப் பேச்சை ரிசல்ட் வந்த அன்று எடுக்காதீர்கள். அன்று அவன் அழுகையில் "விட்டுடறேன்" என்பான், இல்லை ரோஷத்தில் "இன்னும் ஒரே வருஷம்" என்பான். தேர்வுக்கு ரொம்ப முன்னாலேயே உட்கார்ந்து பேசுங்கள். அடுத்த முறை ரேங்க் எதுவரை வந்தால் தொடர்வது, வராவிட்டால் எந்த மாதம் வேலைக்குப் போவது என்பதை அவனே தன் கையால் எழுதட்டும். பக்கத்து வீட்டுப் பையன் பேச்சு அதில் வேண்டாம். எழுதியபின் ரேங்க் தாளையும் எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள், எந்தப் பகுதியில் எவ்வளவு ஏற்ற முடியும் என்று சேர்ந்து பார்ப்போம்.