முதல் பனிவண்டி யாருடையது?

கேள்வி: ஸ்னோமொபைல் எனப்படும், எஞ்சினால் ஓடும் பனிவண்டிகளைச் செய்யும் போலாரிஸ் நிறுவனத்தைத் தொடங்கிய எட்கர் ஹெட்டீனை ‘ஸ்னோமொபைலின் தந்தை’ என்று புகழ்கிறார்கள். ஆனால் அந்நிறுவனத்தின் முதல் பனிவண்டியைச் செய்தவர் டேவிட் ஜான்சன் என்றும், அப்போது ஹெட்டீன் ஊரிலேயே இல்லை என்றும், திரும்பி வந்தவர் அதைக் கண்டு முகம் சுளித்தார் என்றும் படித்தேன். ஒருவரின் உழைப்பை இன்னொருவர் தம் பெயரில் எழுதிக்கொள்வது திருட்டு அல்லவா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: தாங்கள் படித்த செய்திகள் சரியானவை. அவற்றிலிருந்து தாங்கள் வந்தடைந்த முடிவுதான் சரியன்று.

அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் வடகோடியில், கனடா எல்லைக்குச் சற்றுத் தெற்கே உள்ள ரோஸோ என்னும் சிற்றூரில் 1940களில் ஹெட்டீன் தொடங்கிய பட்டறை, அக்கம்பக்கத்து விவசாயிகளுக்கு வேண்டிய கருவிகளைச் செய்துகொடுத்துப் பிழைத்த இடம். ஜான்சன் அங்கே கூலிக்கு வேலை பார்த்தவர் அல்லர், தொழிலில் கூட்டாளி. ஹெட்டீனின் சகோதரர் ஆலனும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். 1954இல் நிறுவனத்துக்குப் போலாரிஸ் என்ற பெயர் வந்தபோது இந்த மூவரும்தான் அதன் தூண்கள். ஆகவே முதலாளி தொழிலாளியின் உழைப்பை அபகரித்த கதையாக இதைப் படிப்பதற்கு இடமே இல்லை.

முகம் சுளித்ததற்கு வருவோம். அறுவடை இயந்திரத்தோடு பொருத்தும் வைக்கோல் நறுக்கும் கருவிதான் அவர்களுக்குச் சோறு போட்டது. அறுவடை முடிந்து பனி இறங்கிவிட்டால் அந்தக் கருவியைக் கேட்டு வருவார் இல்லை; பட்டறையில் கைகள் சும்மா இருக்கும், கல்லாவும் காலியாக இருக்கும். வேட்டைக்குப் போகும் காட்டுக்குள் பனியில் கால் புதையாமல் போக ஒரு வண்டி வேண்டும் என்ற ஆசை ஜான்சனுக்கு இருந்தது. 1955-56 குளிர்காலத்தில் அவரும் பட்டறைத் தோழர்களும் கிடைத்த சாமான்களைக் கொண்டு அதைச் செய்துவிட்டார்கள். தானியத்தை மேலே ஏற்றும் இயந்திரத்தின் சங்கிலியே வண்டியை உந்தித் தள்ளும் பட்டையாயிற்று. செவ்ரொலே காரின் பம்பரை வெட்டி முன்பக்கச் சறுக்குக் கட்டைகளாக வளைத்தார்கள். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின் ஒன்றைப் பின்னால் ஏற்றினார்கள். ஊருக்குத் திரும்பிய ஹெட்டீனின் கண்ணுக்கு இது விற்கும் சரக்காகத் தெரியவில்லை. சம்பள நாளை எப்படித் தாண்டுவது என்ற கவலையில் இருக்கும் ஒருவரிடம் அந்த நேரத்தில் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? அந்த வண்டியை உள்ளூர் மரக்கடைக்காரர் ஒருவர் 465 டாலருக்கு வாங்கிக்கொண்டார். அந்தப் பணம் ஆட்களின் சம்பளத்துக்குத்தான் போயிற்று.

இந்த வரலாற்றை யாரும் புதைத்து வைக்கவில்லை என்பதையும் தாங்கள் கவனிக்க வேண்டும். முதல் வண்டி ஜான்சனின் கைவண்ணம் என்பதைப் போலாரிஸ் நிறுவனமே தன் வரலாற்றில் சொல்லிவருகிறது. ஊரறியச் சொல்லப்படுவதைத் திருட்டு என்று அழைப்பது பெரிய பழி. அதை ஆதாரமின்றிச் சுமத்தக் கூடாது.

ஹெட்டீனின் பங்கு வேறு இடத்தில் இருக்கிறது. தாம் நம்பாத ஒரு பொருளை, நம்பத் தொடங்கிய பிறகு, அதற்காகத் தம் நிறுவனத்தையே இழக்கும் அளவுக்கு அவர் நம்பினார். இந்த வண்டியால் என்ன பயன் என்று கேட்டவர்களுக்குக் காட்டுவதற்காக, 1960 மார்ச்சில் அலாஸ்காவின் பெத்தெல் ஊரிலிருந்து ஃபேர்பேங்ஸ் வரை, ஆயிரம் மைலுக்கும் மேலான பனிவெளியை, ஒரு சிறு குழுவோடு போலாரிஸ் வண்டிகளிலேயே அவர் கடந்தார். வழியில் எஞ்சின் நின்றுபோனால் உயிருக்கே ஆபத்து என்ற நிலப்பரப்பு அது. செய்தித்தாள்கள் அந்தப் பயணத்தைப் பேசின. ஆனால் ரோஸோவில் பணம் போட்டிருந்தவர்களோ, தொழிலைக் கவனிக்க வேண்டியவர் ஊர் சுற்றுகிறார் என்று குறைபட்டார்கள். மனம் கசந்த ஹெட்டீன், தாம் தொடங்கிய நிறுவனத்தை விட்டு அதே ஆண்டில் வெளியேறினார். பின்னர் அதே மாநிலத்தின் தீஃப் ரிவர் ஃபால்ஸ் ஊரில் அவர் தொடங்கிய நிறுவனம்தான் பிற்காலத்தில் ஆர்க்டிக் கேட் என்ற பெயரில் போலாரிஸுக்கே கடும் போட்டியாக வளர்ந்தது. பிறர் உழைப்பில் குளிர்காய்ந்தவர் என்றால், நாற்பது வயதில் வெறுங்கையோடு இன்னொரு பட்டறையைத் தொடங்கி அதையும் நிலைநிறுத்தியிருக்க முடியாது.

‘தந்தை’ என்ற பட்டம் பொருந்தாது என்பதில் மட்டும் தங்களோடு உடன்படுகிறேன். ஆனால் அது ஜான்சனுக்கும் பொருந்தாது. விஸ்கான்சின் மாநிலத்தின் செய்னர் ஊரைச் சேர்ந்த கார்ல் எலியாசன் 1924இலேயே பனிவண்டி செய்து, 1927இல் காப்புரிமையும் பெற்றுவிட்டார். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் ஊரைச் சேர்ந்த ஜோசஃப்-அர்மான் பொம்பார்டியே, 1934 குளிர்காலத்தில் பாதைகள் பனியால் அடைபட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாமல் தம் இரண்டு வயது மகனைப் பறிகொடுத்தவர். பல் சக்கரமும் ரப்பர் பட்டையும் சேர்ந்த உந்து அமைப்புக்கு 1937இல் காப்புரிமை பெற்று, பனியில் ஓடும் பேருந்துகளையே செய்து விற்றார். அவருடைய ஸ்கி-டூ என்ற வண்டி 1959இல் வந்தபோதுதான் இலேசான சிறு பனிவண்டி வீடு வீடாகப் போகத் தொடங்கியது. இத்தனை பேர் கைபட்டு உருவான ஒன்றுக்கு ஒரே தந்தையைத் தேடுவது பத்திரிகைக்காரர்களின் சோம்பல். தலைப்பில் ஒரு பெயர்தான் அடங்கும் என்பதற்காக மற்றப் பெயர்களை உதிர்த்துவிடும் பழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. தங்கள் கோபம் அதன்மேல் திரும்பியிருந்தால் நான் முழுமனதோடு வரவேற்றிருப்பேன்.

ஏனெனில் தங்கள் கேள்வியிலும் ஒரு பெயர் உதிர்ந்திருக்கிறது. எட்கர் போன பிறகு போலாரிஸைத் தலைமையேற்று நடத்தியவர் ஆலன் ஹெட்டீன். 1968இல் போலாரிஸ், டெக்ஸ்ட்ரான் என்ற பெருநிறுவனத்துக்கு விற்கப்படும் வரை அதைக் கட்டிக் காத்தவர் அவர்தான். முதல் வண்டியைச் செய்த ஜான்சனும் அந்த ஆண்டுகள் முழுவதும் அவரோடு ரோஸோவிலேயே இருந்தார்.