ஹோலோகாஸ்ட்ல, அதாவது நாஜிங்க நடத்துன யூதப் படுகொலைல தப்பிச்சவங்க, தாங்க யூதர்ங்கறதையே பேரப்பிள்ளைங்க கிட்ட ஏன் மறைச்சாங்க?

வெட்கம்தான் காரணம்னு நிறைய பேர் சொல்வாங்க, செக் நாட்டுத் தலைநகர் பிராக் போற வரைக்கும் நானும் அப்படித்தான் நினைச்சேன்.

ஆபீஸ் வேலையா போனப்போ கிடைச்ச ஒரு லீவு நாள்ல பின்காஸ்ங்கற யூத ஜெபாலயம் பாத்தேன். உள்ள சுவர் முழுக்க வெறும் பேருங்கதான், பொஹிமியா, மொராவியான்னு செக் நாட்டுப் பகுதிகளைச் சேர்ந்த, கொல்லப்பட்ட கிட்டத்தட்ட 80,000 யூதர்களோட பேர். தள்ளி நின்னா ஏதோ டிசைன் துணி மாதிரி தெரியும், மூக்கு படற மாதிரி கிட்ட போனாதான் குடும்பப் பேர், ஆள் பேர், தேதின்னு பிரியும்.

பின்னாடி அமெரிக்க வெளியுறவு மந்திரி ஆன மேடலின் ஆல்பிரைட் 1996ல ஹிலாரி கிளின்டனோட வந்து இதே சுவரைப் பாத்துட்டுப் போனாங்க. பொறந்த ஊர் பிராக், ஆனா கத்தோலிக்கரா வளர்ந்தவங்க. தன்னோட தாத்தா பாட்டி பேரும் அதுல இருக்குன்னு அப்போ அவங்களுக்குத் தெரியவே தெரியாது! 1997ல வெளியுறவு மந்திரி ஆன கையோட ஒரு பத்திரிகை நிருபர் தோண்டி எடுத்தப்போதான், தாத்தா பாட்டி நாலு பேர்ல மூணு பேர் ஹோலோகாஸ்ட்ல செத்தது தெரிஞ்சுது. லண்டனுக்குத் தப்பிப் போன அப்பா அம்மா சாகற வரைக்கும் வாயே திறக்கல. அந்த ஜூலைல திரும்ப வந்து பேரைத் தேடிப் பாத்தாங்க.

இதுல நான் கவனிச்சது என்னன்னா, 1935 நாஜி சட்டம் ஒருத்தர் எந்த சாமியைக் கும்பிடறார்னு பாக்கல, தாத்தா பாட்டியைத்தான் எண்ணுச்சு, நாலுல மூணு பேர் யூதர்னா நீ ஞானஸ்நானம் வாங்கியிருந்தாலும் யூதர்தான். அப்போ பேரனைக் காப்பாத்தணும்னா பாட்டி தன்னோட யூத அடையாளத்தையே அழிச்சுக்கணும், வேற வழி? சரி, ஹிட்லர் போயாச்சே, அப்புறமும் ஏன்னு கேட்டா, 1946 ஜூலைல போலந்துல கியெல்ட்செ ஊர்ல ஹோலோகாஸ்ட்ல பொழைச்சு வந்த யூதர்களைத்தான் கும்பல் சேந்து அடிச்சுக் கொன்னாங்க, 40 பேருக்கு மேல. 1968ல அதே நாட்டு கம்யூனிஸ்ட் அரசாங்கம் கொடுத்த நெருக்கடில சுமார் 13,000 யூதர்கள் நாட்டை விட்டே போனாங்க. அவங்க பயம் ஒண்ணும் பிரமை இல்லங்க.

ஹங்கேரில சானாட் செகெடின்னு ஒருத்தர், அப்போ யூத வெறுப்புக்குப் பேர் போன யோபிக் கட்சில பெரிய தலையா இருந்தார், ஐரோப்பிய பார்லிமென்ட் எம்.பி.யாவும் இருந்தார். அவரோட அம்மா வழிப் பாட்டி ஆஷ்விட்ஸ் நாஜி முகாம்ல இருந்து பொழைச்சவங்கன்னு 2012ல ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. பேரன் மேடை மேடையா பேசிட்டு இருந்த காலமெல்லாம் அந்தப் பாட்டி கொளுத்தற வெயில்லயும் முழுக்கை சட்டையோடதான் இருந்திருக்காங்க, முகாம்ல கையில பச்சை குத்தின நம்பர் வெளிய தெரியக் கூடாதுன்னு.