100 எம்பிபிஎஸ் இணைப்பில் பதிவிறக்கம் 12-ஐத் தாண்டவில்லையே, ஏமாற்றுகிறார்களா? வீடியோ காலில் பேச்சும் ஏன் பிந்தி வருகிறது?

ஏமாற்றவில்லை. இணைப்பின் வேகத்தைப் பிட்டில் சொல்கிறார்கள். பதிவிறக்கத்தைக் கணினி பைட்டில் காட்டுகிறது. 8 பிட் சேர்ந்தது 1 பைட் என்பதால் நொடிக்கு 100 மெகாபிட் என்பது 12.5 மெகாபைட்தான், அதிலும் தரவு பொதி எனப்படும் சிறு சிறு துண்டுகளாகத்தான் போகிறது, ஒவ்வொரு பொதியோடும் ஒட்டிச் செல்லும் முகவரி விவரங்களுக்குக் கொஞ்சம் போய்விடும். 11, 12 என்று காட்டினால் கட்டிய பணத்துக்கு முழு இணைப்பு வருகிறது.

பேச்சு பிந்துவது வேறு கணக்கு. கிருஷ்ணகிரிப் பக்கம் இணைய இணைப்பு கொடுக்கும் வேலையில் இருக்கும் நான் அன்றாடம் காண்பது, வேகம் என்ற ஒரே சொல்லால் இரண்டு அளவுகளைச் சொல்லிவிடுவதால் வரும் குழப்பத்தைத்தான். ஒரு நொடியில் எவ்வளவு தரவு போக முடியும் என்பது பேண்ட்வித். ஒரு பொதி போய்ச் சேர எவ்வளவு நேரமாகிறது என்பது லேட்டன்சி. கே.ஆர்.பி. அணையின் மதகைத் திறந்தால் வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்பது ஒன்று, அது கடைமடை வயலை எட்ட எத்தனை நேரமாகிறது என்பது இன்னொன்று. விவசாயிகள் யாரும் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதில்லை.

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. சுமார் 250 கிலோமீட்டரில் இருக்கும் சென்னைக்குப் போய்த் திரும்ப அதற்கு 3 மில்லிநொடி போதும். பேச்சு ஒருபக்கம் போய்ச் சேர 150 மில்லிநொடிக்குள் ஆனால் பெரும்பாலும் உறுத்தாது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. ஆகவே உள்நாட்டு அழைப்பே இப்படிப் பிந்தினால், தொலைவைவிட வீட்டு ரவுட்டரைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

காவேரிப்பட்டணத்தில் ஒரு வீட்டில் இதே புகாருக்காகப் போய், மடிக்கணினியில் பிங் ஓடவிட்டேன். ஒரு சிறு பொதி போய்த் திரும்பும் நேரத்தை மில்லிநொடியில் காட்டும் கட்டளை அது. 9, 8, 9 என்று வந்துகொண்டிருந்த எண் திடீரென 380, 410 என்று ஏறியது. கூடத்தில் சார்ஜில் கிடந்த கைப்பேசி, கல்யாணப் படங்களைத் தானாகவே ஆன்லைன் சேமிப்பகத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுத் திட்டத்தில் பதிவேற்ற அளவு மிகக் குறைவு என்பதால் படங்கள் ரவுட்டரின் வரிசையை அடைத்துக்கொள்ள, குரல் பொதிகள் அவற்றின் பின்னால் நின்றன. கைப்பேசியின் வைஃபையை அணைத்ததும் எண் மீண்டும் 9-க்கு இறங்கியது.

நீங்களும் பேச்சு பிந்தும் நேரத்திலேயே பிங் ஓட்டிப் பாருங்கள். எண் தாறுமாறாக ஏறி இறங்கினால் முதலில் லேன் ஒயரில் இணைத்துச் சோதியுங்கள். சரியானால் குறை வைஃபையில். ஒயரிலும் ஏறினால் வீட்டில் எந்தக் கருவி பதிவேற்றுகிறது என்று தேடுங்கள். 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறுவதை அதன் பிறகு யோசிக்கலாம்.