92 அடிப்பதா, 95 அடிப்பதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னுடையது ஜப்பானில் இருந்து இறக்கிய சுசுகி வேகன் ஆர். செட்டில் பெற்றோல் அடிக்கும் தம்பி ஒவ்வொரு முறையும் "95 அடிங்க ஐயா, எஞ்சினுக்கு நல்லம்" என்கிறார். மைத்துனர் 92 போதும் என்கிறார். யார் சொல்வது சரி? (வவுனியா வாசகர்)

பதில்: நான் மைத்துனர் பக்கம். ஜப்பானில் சாதாரண பெற்றோலுக்கு அவர்களுடைய தர நிர்ணயம் கேட்பது குறைந்தது 89 ஒக்டேன் (பம்பில் போட்டிருக்கும் 92, 95 இந்த எண்தான்), விலை கூடிய ரகத்துக்கு 96. உங்கள் வேகன் ஆர் அந்தச் சாதாரண ரகத்துக்குச் செய்யப்பட்டது, எனவே இங்குள்ள 92 அதற்குத் தேவையானதை விட ஏற்கெனவே கூடுதல். விட்ஸ், அக்வா, பிரியஸ், வெசெல் என்று நம் வீதிகளில் ஓடும் ஜப்பான் வாகனங்களில் பெரும்பாலானவற்றுக்கும் இதே பதில்தான். சந்தேகமென்றால் எரிபொருள் மூடியின் உள்பக்கத்தையும் கையேட்டையும் பாருங்கள், ஜப்பானிய எழுத்தாக இருந்தால் கைபேசிக் கமராவைக் காட்டினாலே மொழிபெயர்த்துத் தரும்.

95 சுத்தமானது, சத்துக் கூடியது என்ற நினைப்பு விலையைப் பார்த்து வருவது. ஒக்டேன் எண் சொல்வது ஒரே ஒரு விஷயம்: சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் ஏறும்போது, பெற்றோல் தன்பாட்டில் வெடித்துவிடாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பது. ஐசோ ஒக்டேன் என்ற திரவத்துக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து, பரிசோதனை எஞ்சினில் இரண்டின் கலவையோடு ஒப்பிட்டுத்தான் எண் கொடுக்கிறார்கள். 92 என்றால், 92 பங்கு ஐசோ ஒக்டேனும் 8 பங்கு ஹெப்டேனும் கலந்ததைப் போல நடந்துகொள்கிறது என்று பொருள். எரியும்போது வரும் சக்திக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை. எஞ்சினைக் கழுவும் இரசாயனம் சேர்ப்பதும் வேறு கதை, அதை எந்த ஒக்டேனிலும் சேர்க்கலாம். தேவையில்லாத வாகனத்துக்கு 95 அடித்தால் கெடுதல் ஒன்றும் வராது, லீற்றருக்குக் கூடுதலாகக் கொடுத்த காசு போகும், அவ்வளவுதான்.

கேள்வி: அழுத்த விகிதம் (சிலிண்டருக்குள் போனதைப் பிஸ்டன் எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பது) 10க்கு மேல் போனால் 95 கட்டாயம் என்று இணையத்தில் வாசித்தேன். என் அக்வாவுக்கு 13.4 என்று போட்டிருக்கிறதே! (மட்டக்களப்பு வாசகர்)

பதில்: அந்த விதி காபரேற்றர் காலத்துக்குச் சரி. அக்வாவும் பிரியஸும் ஓடுவது அற்கின்சன் முறையில்: பிஸ்டன் மேலே வரத் தொடங்கிய பிறகும் உள்ளிழுக்கும் வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும், உள்ளே போனதில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிப் போய்விடும், மிச்சம்தான் அழுத்தப்படுகிறது. அதனால் கடதாசியில் 13.4 என்று இருந்தாலும் உண்மையில் ஏறும் அழுத்தம் அதை விடக் குறைவு. அக்வாவை ஜப்பானில் சாதாரண பெற்றோலுக்கென்றுதான் விற்றார்கள். எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், 92 போடுங்கள்.

கேள்வி: டேர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) உள்ள ஜேர்மன் கார் ஒன்றைப் பாவித்த நிலையில் வாங்கியிருக்கிறேன். மூடியில் 95 என்று இருக்கிறது. 92 அடித்தும் நன்றாகத்தான் ஓடுகிறது. அப்படியே விடலாமா? (கொழும்பு வாசகர்)

பதில்: வேண்டாம். ஐரோப்பாவில் சாதாரண பெற்றோலே 95தான், அந்த எஞ்சினை அமைத்தவர்கள் அதற்குக் கீழே யோசித்திருக்கவில்லை. உங்களுக்கு வித்தியாசம் தெரியாததற்குக் காரணம், பெற்றோல் தன்பாட்டில் வெடித்துத் தட்டும் அதிர்வை எஞ்சினில் உள்ள நொக் சென்சர் என்ற உணரி பிடித்ததும் கணினி பிளக் பொறி விடும் நேரத்தைப் பின்தள்ளிவிடுகிறது. சத்தம் அடங்கும், கூடவே இழுவை குறையும், பெற்றோலும் கூடக் குடிக்கும், ஆக லீற்றரில் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி கிலோமீற்றரில் போய்விடும். காலி வீதி நெரிசலில் எஞ்சின் கொதித்து நிற்கும்போதும், ஆட்களை நிரப்பிக்கொண்டு ஏற்றம் ஏறும்போதும், சென்சர் சுதாரிப்பதற்குள் விழும் அடி பிஸ்டனுக்கு. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய காரில் இந்த இடத்திலா சிக்கனம்?

கேள்வி: கனடாவில் இருக்கும் மகள் தன் கார் 87இல் ஓடுகிறது என்கிறாள். அங்கே இவ்வளவு மட்டமான பெற்றோலா? (யாழ்ப்பாண வாசகி)

பதில்: இல்லை அம்மா, அளக்கும் முறைதான் வேறு. நம்முடைய 92 ஒரு பரிசோதனையின் எண். வட அமெரிக்காவில் அதோடு இன்னொரு கடுமையான பரிசோதனையின் எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்துப் பம்பில் போடுகிறார்கள். அவர்களுடைய 87 நம் கணக்கில் ஏறத்தாழ 91, 92. இந்தியாவில் சாதாரண பெற்றோலுக்கு நெடுங்காலம் 91 என்று சொல்லிவந்ததும் நம் முறையில்தான்.

கேள்வி: ஹற்றன் தாண்டி நுவரெலியாப் பக்கம் ஏறும்போது என் பழைய கொரோலா கடகடவென்று தட்டுகிறது. மலைப் பயணத்துக்கு மட்டும் 95 அடிக்கலாமா? (கண்டி வாசகர்)

பதில்: அடித்தால் சத்தம் குறையலாம், ஆனால் முதலில் கியரைக் குறைத்துப் பாருங்கள். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது மேல் கியரில் வைத்து அக்சிலரேற்றரை அமுக்கினால் எந்த எஞ்சினும் முறைப்பாடு செய்யும். இன்னொன்று, நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், அங்கே காற்று ஐதானது, டேர்போ இல்லாத எஞ்சினுக்குள் போகும் காற்றும் குறைவு, ஆகவே மேலே போகப் போக ஒக்டேன் தேவை குறையத்தான் செய்யும். அப்படியும் தட்டினால் பொறி விடும் நேரம், பிளக், தண்ணீர்ச் சூடு மூன்றையும் கராஜில் காட்டுங்கள். வருடக்கணக்கில் சிலிண்டருக்குள் படிந்த கரியும் ஒரு காரணம். அது இடத்தை அடைத்து அழுத்தத்தைக் கூட்டிவிடும். இதையெல்லாம் பார்க்காமல் 95 ஊற்றுவது நோயை விட்டுவிட்டு வலி மாத்திரை போடுவதுதான்.

கேள்வி: ஓட்டோவுக்கு? (திருகோணமலை வாசகர்)

பதில்: 92. வாடகைக்கு ஓடும் வண்டிக்கு 95 அடித்துவிட்டு மீற்றரில் கூட்டிக் கேட்கவா முடியும்!

கேள்வி: 95 மட்டும் கேட்கும் காருக்குத் தவறுதலாக அரைத் தாங்கி 92 அடித்துவிட்டார்கள். தாங்கியைக் கழுவ வேண்டுமா? (நீர்கொழும்பு வாசகர்)

பதில்: கழுவ வேண்டாம், டீசல் ஒன்றும் ஊற்றவில்லையே. மிச்ச அரைத் தாங்கியில் ஏற்கெனவே 95 இருந்தால் கலவை ஏறத்தாழ 93.5 ஆகியிருக்கும். அக்சிலரேற்றரைப் பதமாக மிதித்து ஓட்டுங்கள், பாரம் ஏற்ற வேண்டாம், கால்வாசி இறங்கியதும் மேலே 95 ஊற்றிக்கொள்ளுங்கள்.