விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்றுவிட்டது, இனி என்ன? – கேள்வி பதில்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து வந்த கேள்விகளில் சில இங்கே.

பாலக்கோடு: வீட்டில் ஆறாம் தலைமுறை ஐ3 கம்ப்யூட்டர். விண்டோஸ் 11 ஏறாது, புதுசுதான் வாங்கணும் என்கிறார் சர்வீஸ்காரர். உண்மையா?

முறைப்படி ஏறாது என்பது உண்மை. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். ஆனால் உடனே புதுசு வாங்கத் தேவையில்லை. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் தருகிறார்கள். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால் அதில் சேர்வதற்கான லிங்க் இருக்கும். உங்களிடம் விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-வும் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டும் இருக்க வேண்டும். 30 டாலர் கட்டியும் சேரலாம். செட்டிங்ஸை ஒன்டிரைவில் (மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் சேமிப்பிடம்) பேக்கப் செய்யச் சம்மதித்தால் காசே வேண்டாம். ஒரே அக்கவுன்ட்டில் 10 கம்ப்யூட்டர் வரை சேர்க்கலாம். கடைக்கும் ஆபீசுக்கும் கணக்கு வேறு: ஒரு கம்ப்யூட்டருக்கு முதல் வருடம் 61 டாலர், அடுத்தடுத்த வருடம் இன்னும் கூடும்.

சேராவிட்டாலும் கம்ப்யூட்டர் ஓடும், அதுதான் சிக்கலே. மாதாமாதம் விண்டோஸ் 11-க்குப் பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கும் அப்டேட், வருகிறது. அதைப் பிரித்துப் பார்த்தால் எந்த ஓட்டையை அடைத்திருக்கிறார்கள் என்று விஷயம் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதே ஓட்டை 10-லும் இருந்தால், அங்கே அடைக்க ஆளில்லை.

ஓசூர்: சிஎன்சி மெஷினோடு (கம்ப்யூட்டர் இயக்கும் தொழிற்சாலை மெஷின்) வந்த கம்ப்யூட்டரில் விண்டோஸ் எக்ஸ்பி. புது சாஃப்ட்வேர் கிடையாதாம். கன்ட்ரோலரையே மாற்றச் சொல்கிறார்கள், லட்சக்கணக்கில் செலவு.

மாற்ற வேண்டாம். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியே கதை முடிந்துவிட்டது. ஆனாலும் வெளியுலகத் தொடர்பு இல்லாமல் ஒரே வேலையை மட்டும் செய்யும் கம்ப்யூட்டருக்கு ஆபத்து குறைவு. முதலில் லேன் கேபிளைக் கழற்றுங்கள்.

"நெட்டே கிடையாது சார், பென் டிரைவில்தான் புரோகிராம் போடுகிறோம்" என்பீர்கள். அந்தப் பென் டிரைவைத்தான் நான் சந்தேகப்படுவேன். டிசைன் கம்ப்யூட்டர், ஜெராக்ஸ் கடை, ஆபரேட்டர் வீட்டு லேப்டாப் என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டு மெஷினுக்கு வரும். மெஷினுக்கென்று தனியாக ஒன்று வாங்கி, அதில் சிவப்பு டேப் சுற்றி வையுங்கள். அப்டேட் உள்ள டிசைன் கம்ப்யூட்டரைத் தவிர வேறெங்கும் அதைச் செருகக் கூடாது. செருகியதும் அதிலுள்ளதைத் தானாக ஓட்டும் ஆட்டோரன்னையும் எக்ஸ்பியில் நிறுத்திவிடுங்கள்.

சின்ன யூனிட்டுக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். 2018 ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சி, பிற நிறுவனங்களுக்காகச் சிப் தயாரித்துத் தருவதில் உலகிலேயே மிகப் பெரியது, ஒரு புது மெஷினை வைரஸ் ஸ்கேன் செய்யாமல் நெட்வொர்க்கில் சேர்த்தது. ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வகை வைரஸ் பரவி ஆலைகளில் உற்பத்தி நின்றது. அந்த ஓட்டைக்கான பேட்ச் 2017 மார்ச்சிலேயே வந்திருந்தது. மெஷின்களில் போடாமல் விட்டிருந்தார்கள்.

இன்னொன்று. உங்கள் விஷயத்தில் வைரஸுக்கு முன்னால் ஹார்ட் டிஸ்க் போய்விடும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முழு டிஸ்க்கையும் இமேஜ் (அப்படியே ஒரு நகல்) எடுத்து, இன்னொரு டிஸ்க்கில் ஏற்றி, அதை மாட்டி மெஷின் ஓடுகிறதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிடுங்கள். மெஷின் பாராமீட்டர்களையும் (அதன் செட்டிங் மதிப்புகள்) தனியாக எடுத்து வையுங்கள். அது இல்லாமல் சர்வீஸ் இன்ஜினியர் வந்தாலும் கையைப் பிசைந்துகொண்டுதான் நிற்பார்.

காவேரிப்பட்டணம்: விண்டோஸ் 7-தான், ஆனால் காசு கட்டி ஆன்டிவைரஸ் போட்டிருக்கிறேன். நெட் பேங்கிங் செய்யலாமா?

வேண்டாம். விண்டோஸில் உள்ள ஓட்டையை ஆன்டிவைரஸ் அடைக்காது. குரோமும் 109-ஆம் பதிப்போடு விண்டோஸ் 7-ஐக் கைவிட்டது, அது 2023-இல். பழைய படங்களைப் பார்க்க, டைப் செய்ய வைத்துக்கொள்ளுங்கள். பணம் அனுப்ப, அப்டேட் வந்துகொண்டிருக்கும் ஃபோன் போதும்.

அரூர்: காலேஜ் போகும் பையனுக்கு செகண்ட்ஹேண்ட் லேப்டாப். "விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம்" என்கிறார்கள். நம்பலாமா?

போட்டுத் தருவார்கள், அதில் பொய் இல்லை. டிபிஎம் சோதனையைத் தாண்டிப் போட வழி உண்டு. ஆனால் அப்படிப் போட்டதற்குத் தொடர்ந்து அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. அதனால் பிராசசர் நம்பரைப் பாருங்கள். ஐ5-8250யூ என்றிருந்தால் கோட்டுக்குப் பிறகு வரும் 8 எட்டாம் தலைமுறையைக் குறிக்கிறது, வாங்கலாம். ஐ5-7200யூ என்றால் ஏழாம் தலைமுறை; 11 போட்டிருந்தாலும் விலையை 10 ஓடும் லேப்டாப்புக்குப் பேசுவது போலப் பேசுங்கள். ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பாமல், ஆன் செய்து டாஸ்க் மேனேஜரில் பார்ப்பது நல்லது.

பென்னாகரம்: லினக்ஸுக்கு மாறலாம் என்கிறான் தம்பி. டி.டி.பி. வேலை செய்கிறேன்.

பிரவுசர், மெயில், வீடியோ மட்டும் என்றால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்டைக் கண்ணை மூடிக்கொண்டு போடச் சொல்வேன். மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் உண்டு, தமிழ்99 விசைப்பலகையும் வேலை செய்யும். ஆனால் உங்களுக்கு யோசனைதான். பேஜ்மேக்கரும் ஃபோட்டோஷாப்பும் அதில் நேரடியாக ஓடாது. வானவில், பாமினி எழுத்துருவில் அடித்த பழைய ஃபைல்களை, எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றாமல் புது இடத்துக்குக் கொண்டுபோனால் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரே மாறிப்போகும். முதலில் பென் டிரைவிலிருந்து மின்ட்டை ஓட்டிப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே பிரின்டரும் ஸ்கேனரும் வேலை செய்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும்.